காலைச் சளி

ஜூன் 2, திங்கள்

சளி கேட்டால் எச்சில் தருகிறார்கள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் பார்க்கிற முக்கியமான வேலை எச்சிலைத் திருப்பி அனுப்புவதுதான். இன்று வந்த டப்பாக்களில் பாதி அப்படி. ஒரு பெரியவர் வெற்றிலைச் சாற்றையே துப்பிக் கொண்டுவந்து, "ரத்தமுங்க, நெம்பப் பயமா இருக்குதுங்க" என்றார். சுண்ணாம்பு வாசனை மூடியைத் தாண்டி வந்தது. "இந்த ரத்தத்துக்குப் பாக்கு கொஞ்சம் கம்மியாப் போடுங்க" என்றேன். வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

ஓடைவலசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வுக்கூடம் ஒரு காலத்தில் சாமான் அறை. ஒரு ஜன்னல், ஒரு மைக்ரோஸ்கோப், ஒழுகும் குழாய், ஒப்பந்த லேப் டெக்னீஷியனாகிய நான். சுவரில் காசநோய் போஸ்டர். அதில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் பல் தெரியச் சிரிக்கிறார்கள். கீழே கொட்டை எழுத்தில்: 'காலையில் எடுத்த சளியைக் கொண்டு வாருங்கள்.' யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியது. இங்கே ஒரு டாக்டர் காலையிலிருந்து மதியத்துக்குள் நூறு பேரைப் பார்க்கிறார். சிரிக்கிற குடும்பம் எதையும் நான் பார்க்கவில்லை.

காலையில் கதவைத் திறக்கும்போதே சென்னியப்பன் வாசலில் நின்றார். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வையாபுரியின் தறிப் பட்டறையில் ராத்திரி ஷிப்டு. பட்டறையை ஒட்டிய லைன் வீட்டில் குடியிருக்கிறார். நான் மாடியில். நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் தூங்கப் போவார். "கெளம்பியாச்சுங்களா?" "ஆமாங்க." இதற்குமேல் பேசியதில்லை. புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. சட்டை அவருடைய அண்ணனுடையதுபோல் தொங்கியது.

"எத்தனை நாளா இருமல்?"

"மாரியம்மன் நோம்பிக்கு முன்னாலயே வந்துருச்சுங்க, ரெண்டு மாசத்துக்கு மேலாச்சு."

"அப்பவே ஏன் வரல?"

"பஞ்சுத் தூசின்னு உட்டுட்டனுங்க. பட்டறையில இருமாத ஆளு ஆருங்க?"

அங்கேயே ஒரு மாதிரி வாங்கினேன். தண்ணீர். இன்னொரு டப்பா கொடுத்து, நாளைக் காலையில் ஆழமாக இருமி எடுத்துவரச் சொன்னேன். விபூதி வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாயிற்று.

ஜூன் 4, புதன்

சென்னியப்பனின் இரண்டு மாதிரியிலும் கிருமி இல்லை. நேற்றுக் காலை கொண்டுவந்ததும் நுரைத்த எச்சில்தான். டாக்டர் ஷர்மிளா இரண்டு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதி, தாலுகா ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரேவுக்கும் சீட்டு கொடுத்தார். நல்ல டாக்டர்தான். ஒரு கையால் எழுதிக்கொண்டே இன்னொரு கையால் குழந்தையின் வயிற்றை அமுக்குகிறார். அரசாங்கம் அவருக்கு மூன்றாவது கை கொடுத்திருக்கலாம்.

ஜூன் 5, வியாழன்

மின்வெட்டு. ஸ்லைடு எதுவும் பார்க்கவில்லை. பக்கெட் தேய்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டறைக்குப் பகலில் ஓய்வு. தறிச் சத்தம் இல்லாதபோதுதான் கீழே யார் என்ன பேசுகிறார்கள் என்பது கேட்கிறது. இன்று கேட்டது சென்னியப்பனின் இருமல். துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஆழத்திலிருந்து, ஈரமாக, முடிவில் ஒரு விசிலோடு. இப்படி இருமுகிறவனிடம் சளி இல்லை என்று என் மைக்ரோஸ்கோப் சொல்கிறது.

பட்டறையின் ஜன்னல்களை இன்றுதான் கவனித்தேன். எல்லாவற்றையும் அட்டை வைத்து அடைத்து டேப் ஒட்டியிருக்கிறார்கள். வையாபுரி அண்ணனிடம் கேட்டேன்.

"காத்து வந்தாப் பாவு காஞ்சு போவுமம்மா. காஞ்சா நூலு படக்கு படக்குன்னு அறுந்துரும். தறிக்கு ஈரக் காத்து இருக்கோணும்."

"ஆளுங்களுக்கு?"

"ஆளுங்களுக்கென்ன, பொழுதுக்கும் டீ வாங்கித் தாறமில்ல."

உள்ளே ராத்திரி முழுக்கப் பத்துப் பேர் ஒரே மூச்சை மாற்றி மாற்றி இழுக்கிறார்கள். மேலே நான் இரவில் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். இந்த ஊரைவிட்டுப் போனால் போதும்.

ஜூன் 18, புதன்

ஆன்டிபயாடிக் முடிந்து சென்னியப்பன் வந்தார். இன்னும் மெலிந்திருக்கிறார். மாலையில் காய்ச்சல் வருகிறதாம். தூங்கி எழுந்தால் பாய் நனைந்திருக்கிறதாம். எக்ஸ்ரே எடுக்கவில்லை. காலையில் ஷிப்டு முடிந்து நேராகத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். எழுப்பியபோது அவருடைய டோக்கன் போய்விட்டிருந்தது. நாளை வா என்றிருக்கிறார்கள். நாளையும் அவர் ராத்திரி முழுக்கத் தறி ஓட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

முன்பே வாங்கிப் போயிருந்த இரண்டு டப்பாவும் கொடுத்தார். அதே தெளிந்த தண்ணீர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை போய்விடும் என்ற பயத்தில் சிலர் வேண்டுமென்றே எச்சில் தருவார்கள். போன மாதம் ஒருவர் தன் மச்சானின் சளியைக் கொண்டுவந்தார்.

"ஏங்க என்னை ஏமாத்துறீங்க? ஞாயித்துக்கிழமை நீங்க இருமுறதை மாடில நின்னு கேட்டேனே? அந்தச் சளி எங்க போகுது? டி.பி.ன்னு வந்துடுமேன்னு இப்படிப் பண்ணா சாகப் போறது நீங்கதான்."

வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லதைத்தானுங்க கொண்டாந்தேன்" என்றார். போய்விட்டார்.

மாதிரியில் கிருமி இல்லை. டாக்டரிடம் சண்டை போட்டேன்.

"அவருக்கு டி.பி.தான் மேடம். எனக்குத் தெரியும்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா நீ நெகட்டிவ்னு எழுதிக் கொடுத்திருக்க. எக்ஸ்ரேயும் இல்ல. நான் எதை வச்சு ஆறு மாசத்துக்கு மருந்து ஆரம்பிக்கிறது? மாவட்ட மையத்துக்கு அனுப்பிப் பெரிய மெஷின்ல பாக்கச் சொல்லு."

"இதே எச்சிலைத்தானே மேடம் அங்கேயும் அனுப்பணும்?"

"அப்ப நல்ல சளி வாங்கு பூங்கோதை. அது உன் வேலை."

என் வேலையை நான் சரியாகத்தான் செய்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

சென்னியப்பன் வரவில்லை. காலையில் படியிறங்கும்போது எதிரே வந்தார். "கெளம்பியாச்சுங்களா?" கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனார். போகட்டும். எனக்கென்ன.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. கேன்டீன் சாம்பார் அப்படி.

ஜூன் 22, ஞாயிறு

எழுதுவதற்குக் கை ஓடவில்லை. முதலிலிருந்து எழுதுகிறேன்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். பொதுக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சென்னியப்பனின் மனைவி மைதிலி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் பகல் ஷிப்டில் தார் சுற்றுகிறார், அதாவது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற நூலைக் குழலில் ஏற்றும் வேலை. இவர் வரும்போது அவர் போவார், அவர் வரும்போது இவர் போவார். புருசன் பெண்டாட்டி ஒன்றாகச் சாப்பிடுவதே ஞாயிற்றுக்கிழமைதான். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாத்திரத்தை நங்கு நங்கு என்று வைத்தார்.

அப்போது லைன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு சென்னியப்பன் வந்தார். கண் வீங்கி, தலை கலைந்து, லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு. குழாயடிக்கு வருவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. முழங்காலில் கை ஊன்றி, உடம்பு முழுக்கக் குலுங்க இருமினார். சாக்கடையில் துப்பினார். மஞ்சளாக, கெட்டியாக, ஒரு கரண்டி அளவு. நான் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். அது சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அவர் பல்பொடியை எடுத்துக் கையில் தட்டினார்.

"என்னங்க இப்பப் பல்லு விளக்குறீங்க?" என்று கேட்டேன். என்ன கேள்வி இது என்று கேட்கும்போதே எனக்கு உறைக்கத் தொடங்கியது.

மைதிலிதான் பதில் சொன்னார். "ராத்திரிப் பூராத் தறியடிச்சுப்போட்டு வாற மனுசனுக்கு எப்பங்க பொழுது விடியும்? இவருக்கு இப்பத்தான் விடியுது. எங்க பொழப்பு உங்களுக்கு எங்க தெரியும், மாடியில இருக்கறவங்களுக்கு."

"அப்ப எனக்குக் கொண்டுவந்த சளி எப்ப எடுத்தது?"

சென்னியப்பன் பல்பொடி ஒட்டிய விரலோடு நின்றார். "காலையில கொண்டாரச் சொன்னீங்ளே. ஆறு மணிக்குத் தறிய நிறுத்துன கையோட அங்கயே புடிச்சனுங்க."

"அதுக்கு முன்னாடி ராத்திரியெல்லாம் இருமினீங்களா?"

"இருமாம இருக்க முடியுங்களா? இருமி இருமித் துப்பிப்போட்டுத்தான் ஓட்டோணும். அப்பறம் விடியறதுக்கு முன்னால சுடுதண்ணி வாங்கிக் கொப்புளிச்சு, கிடக்கற கசடையெல்லாம் காறித் துப்பிப்போட்டு, அதுக்கப்பறம் சுத்தமா வாறதைத்தானுங்க டப்பாவுல புடிச்சேன். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கறது அசிங்கமா இருந்தா நல்லாருக்குமுங்களா?"

நான் சோப்பு நுரையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தூங்கும்போதுதான் நுரையீரலில் சளி சேரும். எழுந்ததும் வருகிற முதல் சளியில்தான் கிருமி நிறைய இருக்கும். அதற்காகத்தான் காலை. ராத்திரி ஷிப்டுக்காரனின் காலையில் அவனுடைய நெஞ்சு காலி. அந்தக் காலியையும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து என்னிடம் தந்திருக்கிறார். நல்லதைத்தான் கொண்டுவந்தார்.

இந்த ஊரில் பாதிப் பேர் ராத்திரி ஷிப்டு. போஸ்டர் எழுதியவனுக்கு இது தெரியுமா? ராத்திரி பகலாக மனிதர்கள் வேலை செய்கிற நாட்டில் 'காலையில்' என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறான். அவனைக் கொண்டுவந்து இந்தப் பட்டறையில் ஒரு வாரம் நிறுத்த வேண்டும்.

"நீங்கதானுங்க்கா காலையிலன்னு சொன்னீங்க" என்றார் மைதிலி.

போஸ்டரில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

உடனே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய், பிரசவ வார்டு நர்ஸிடம் சாவி வாங்கி, டப்பா எடுத்துவந்தேன். நாளை எழுந்ததும், பல் விளக்காமல், டீ குடிக்காமல், அசிங்கமாக, எவ்வளவு அசிங்கமாக முடியுமோ அவ்வளவு அசிங்கமாக, வெட்டவெளியில் நின்று எடுத்துத் தரச் சொன்னேன்.

"அசிங்கமாத்தான் வேணுமுங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

மைதிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூன் 23, திங்கள்

வழக்கமாக நான்கு மணிக்குப் பூட்டுவேன். இன்று பூட்டவில்லை. டாக்டரிடம் சொன்னபோது, "நானும் இருக்கேன்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அரை ஷிப்டு விடுப்பு எடுத்து மைதிலியே டப்பாவைக் கொண்டுவந்தார். மூடியை இறுக்கி, பாலிதீனில் சுற்றி, அதை ஒரு தூக்குப் போசிக்குள் வைத்து. "போதுமுங்களா?" என்றார். போதும். அந்த நிறத்தைப் பார்த்ததுமே கை பரபரத்தது.

ஸ்லைடில் தடவி, காயவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடுகாட்டி, கழுவி, நீலம் ஊற்றி, மறுபடி கழுவி. இதை ஆயிரம் முறை செய்திருப்பேன். இன்று கண்ணாடி கையிலிருந்து நழுவப் பார்த்தது. குழாயில் தண்ணீர் வராமல் இருந்து, வந்து, மறுபடி நின்றது. திட்டினேன்.

நீலத்தில் சிவப்புக் குச்சிகள். இரண்டாவது பார்வையிலேயே. நகர்த்த நகர்த்த இன்னும் இன்னும். குங்குமத்தில் தோய்த்த தீக்குச்சிகளைக் கொட்டியது மாதிரி.

நான் கத்திவிட்டேன்போல. டாக்டர் ஓடிவந்தார். குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் எழவில்லை.

"அப்பாடா" என்றார்.

ஒரு மனிதனுக்குக் காசநோய் என்று தெரிந்து இரண்டு பேர் இப்படி மகிழ்ந்தால் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வெளியில் மைதிலி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிரித்துக்கொண்டே போகக் கூடாது என்று முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன்.

ஜூன் 24, செவ்வாய்

மருந்து தொடங்கியாயிற்று. நான்கு மருந்தும் ஒரே மாத்திரையில். டாக்டர் சொல்லி முடித்ததும் சென்னியப்பன் கேட்ட முதல் கேள்வி: "புத்துநோய் இல்லீங்களே?"

"இல்ல. டி.பி. ஆறு மாசம் மாத்திரை, குணமாயிடும்."

"இம்புட்டுத்தானுங்களா?" என்றார். மைதிலியைப் பார்த்தார். மைதிலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அது சிரிப்பாகவும் இருந்தது. இரண்டு மாதமாகப் புற்றுநோய் என்று முடிவுகட்டி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்கள். மைதிலியையும் பரிசோதித்தோம். அவருக்கு இல்லை. எக்ஸ்ரேயும் சுத்தம்.

இரண்டு வாரமாவது பட்டறைக்குப் போகக் கூடாது, முகக்கவசம் போட வேண்டும் என்று சொன்னோம்.

போன புதன்கிழமை வரிசையில் நடந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் முட்டை வாங்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் கொடுத்தேன். நோயாளிக்குப் புரதம் தேவை. நிலக்கடலையும் வாங்கினேன். பேரீச்சம்பழமும்.

ஜூன் 26, வியாழன்

காலையில் மைதிலி மாடிப்படியில் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அக்கா, இவருக்கு மூத்திரம் செகப்பாப் போவுதுங்க. ரத்தமெல்லாம் எறங்குது. மாத்திரைய நிறுத்திப்போட்டாரு."

அந்த மருந்து அப்படித்தான் நிறம் காட்டும், ரத்தம் இல்லை. இது மருந்தோடு தருகிற தாளில் அச்சாகியிருக்கிறது, யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. கீழே ஓடினேன். சென்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்து, தன் சாவை எதிர்பார்க்கிறவர்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கினேன். என் எதிரிலேயே மாத்திரையை விழுங்க வைத்தேன்.

"மொதல்லயே சொல்லியிருந்தா வெசனப்பட்டிருக்க மாட்டனுங்க. ராத்திரியே என்ற தம்பிக்குப் போனப் போட்டு அழுதுபோட்டேன்" என்றார்.

"உங்க தம்பி என்ன சொன்னாரு?"

"பீட்ரூட்டு தின்னயாடான்னு கேட்டானுங்க."

ஜூன் 27, வெள்ளி

காசநோய் மேற்பார்வையாளர் சேவியர் வந்தார். திருச்சிக்காரர். பைக்கில் வட்டாரம் முழுக்கச் சுற்றி, யார் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. இரண்டு பேருமாகப் பட்டறைக்குப் போனோம். சென்னியப்பனோடு உள்ளே வேலை செய்கிறவர்கள் எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும். ஜன்னலைத் திறக்க வேண்டும்.

வையாபுரி அண்ணன் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"ஏம்மா பூங்கோதை, குடிவெச்ச பாவத்துக்கு எம்பட பட்டறைக்கே பூட்டுப் போடறயா? டி.பி. பட்டறைன்னு பேரு வந்தா எவன் வேலைக்கு வருவான்? அவனை வேணுமுன்னா நிறுத்திக்கறேன். மத்தவனுங்களத் தொடாத."

"அவரை நிறுத்தக் கூடாதுங்க. ரெண்டு வாரம் மருந்து உள்ள போச்சுன்னா பெரும்பாலும் பரவாது. டாக்டர் பாத்துச் சொன்னதும் வேலைக்கு வரலாம். இந்த ஜன்னலை அடைச்சு வச்சிருக்கீங்களே, அதுதான் பரப்புது."

"ஜன்னலத் தொறந்தா நூலு அறுந்துரும். நீ வந்து முடிச்சுப் போடுவயா?"

"மனுசன் அறுந்தா யாருங்க முடிச்சுப் போடுறது?"

தறிச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. நல்லவேளை. சினிமா வசனம் மாதிரி இருந்தது. சேவியருக்கு விழுந்திருக்கிறது. திரும்பி வரும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். எரிச்சலூட்டும் ஆள்.

ஜூலை 1, செவ்வாய்

மாதக் கடைசிக்குள் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வையாபுரி. சரி என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

பட்டறைக்குள் விடவில்லை என்றால் பட்டறைக்கு வெளியே. இந்த வாரம் பிற்பகல் மூன்று மணிக்கு நானும் சேவியரும் லைன் வீட்டுக் குழாயடியில் டப்பாக்களோடு போய் நின்றோம். ஆஸ்பத்திரி நேரத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. டாக்டர், "வெளியே மாதிரி எடுக்கப் போயிருக்கான்னு நான் எழுதிக்கிறேன்" என்றார். அவ்வளவு போதும்.

முதல் நாள் ஒருவரும் வரவில்லை. எல்லாரும் வாளியை எடுத்துக்கொண்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் சென்னியப்பனே முகக்கவசத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டார். எழுந்து வருகிற ஒவ்வொருத்தனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"டேய் குப்பண்ணா, பல்லு வெளக்காத! இங்க வா! மொதச் சளிய அம்மணிகிட்டக் கொடு. சுத்தம் பண்ணிக் கொடுத்துறாத, திட்டும். அசிங்கமாக் கொடுத்தாத்தான் ஆஸ்பத்திரில மதிப்பு!"

குழாயடியே சிரித்தது. டப்பா தீர்ந்துபோனது.

ராத்திரி ஷிப்டில் இன்னும் இரண்டு பேருக்கு இருக்கிறது. அதில் ஒருவர் ஏப்ரலில் என்னிடமே வந்து, கிருமி இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு போனவர். காலையில் கொண்டுவந்தவர். அவருக்கும் நேற்று மருந்து தொடங்கினோம். போஸ்டரில் 'காலையில்' என்ற சொல்லை அடித்து 'தூங்கி எழுந்ததும்' என்று மார்க்கரில் எழுதினேன். அரசாங்கச் சொத்தைக் கெடுத்ததற்கு என்மீது நடவடிக்கை எடுக்கட்டும்.

ஜூலை 9, புதன்

மாலை, பூட்டப்போகும் நேரம். பின் கேட் வழியாக ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். தலையில் துண்டு. நிமிர்ந்தால் வையாபுரி அண்ணன்.

"வெளிய ஆரும் இல்லையே?" என்றார்.

பைக்குள் தேங்காய், வெற்றிலை, அதற்கடியில் டப்பா. யாரிடம் வாங்கினாரோ. ஒரு வாரமாக இருமலாம். ராத்திரி பயத்தில் தூக்கம் வரவில்லையாம்.

"எந்திரிச்சதும் எடுத்ததுதாம்மா. அசிங்கமாத்தான் இருக்குது" என்றார்.

நாளை வரச் சொல்லியிருக்கலாம். என்னை வீட்டைவிட்டு அனுப்புகிறவர். அப்படியும் ஸ்லைடு போட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியின் இருமலும் தொழிலாளியின் இருமலும் மைக்ரோஸ்கோப்புக்கு ஒன்றுதான். ஆனால் முதலாளிக்கு ஒரு வாரத்தில் பயம் வருகிறது. சென்னியப்பனுக்கு மாரியம்மன் நோம்பியிலிருந்து பயப்பட நேரமில்லை.

கிருமி இல்லை. சொன்னேன். அவர் உடம்பே கீழே இறங்கி உட்கார்ந்தது.

"ஒரு டப்பா போதாது, நாளைக்கும் ஒண்ணு கொடுங்க. எக்ஸ்ரேவும் எடுத்துருங்க" என்றேன். "இப்ப இல்ல. ஆனா அந்தப் பட்டறைக்குள்ள தினமும் நீங்களும்தான் நிக்கிறீங்க."

கொஞ்ச நேரம் தேங்காயைப் பைக்குள் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நூலு அறுந்துருமேம்மா" என்றார். குரலில் பழைய வேகம் இல்லை.

ஜூலை 12, சனி

மைதிலியின் யோசனை. ஜன்னல் அட்டைகளைக் கிழித்துவிட்டு, கோணிச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். காற்றும் வருகிறது, ஈரமும் வருகிறது. ஷிப்டுக்கு இரண்டு முறை தண்ணீர் தெளிக்க வேண்டும். எதிர்ச் சுவரில் காற்றை வெளியே இழுக்கிற மின்விசிறி. நூல் அறுகிறதா என்று வையாபுரி காலையிலிருந்து சாயங்காலம் வரை தறிக்குத் தறி நடந்துகொண்டிருந்தார். வழக்கம்போல்தான் அறுந்தது.

வீட்டைக் காலி செய்வது பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

டாக்டர் பார்த்துச் சரி சொல்லிவிட்டார். சென்னியப்பன் நேற்று ராத்திரி வேலைக்குப் போனார். காலையில் படியிறங்கும்போது எதிரே வந்தார். புருவத்தில் பஞ்சு.

"கெளம்பியாச்சுங்களா?"

"ஆமாங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரே காவிரிக் கரையில். மைதிலி கலந்த சாதம் கொண்டுவந்து தந்தார். ஒரு டப்பா சேவியருக்கும். அவர் வருவார் என்று இவருக்கு எப்படித் தெரியும்? மாத்திரைக் கணக்குப் பார்க்கத்தான் வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிற அரசு ஊழியர்களும் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இரண்டு மாத மருந்து முடிந்தால் மறுபடி சளி பார்க்க வேண்டும். கிருமி போயிருந்தால் மாத்திரையைக் குறைப்பார்கள். போகாவிட்டால் நிலைமை வேறு. நேற்றே டப்பா கொடுத்துவிட்டேன். இன்று காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. யாரோ ஒருவரின் சர்க்கரை மாதிரியைக் கீழே கொட்டினேன்.

மூன்றரை மணிக்குச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் சென்னியப்பன் டப்பாவை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூச்சை இழுக்கிறார். இருமுகிறார். டப்பாவுக்குள் பார்க்கிறார். மறுபடி இழுக்கிறார். கன்னம் இரண்டும் உப்பியிருக்கின்றன, காற்றால் மட்டும் இல்லை. சட்டை அளவாக நிற்கிறது.

பக்கத்தில், இன்றும் அரை ஷிப்டு விடுப்பு எடுத்திருந்த மைதிலி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"நல்லா எக்கிப் பாருங்க. அப்ப மட்டும் லைன் வீட்டையே எழுப்புனீங்க, இப்ப வேணுங்கறப்ப ஒண்ணையும் காணோம்."

"வந்தாத்தான புள்ள? இல்லாததை எங்க போயி எடுக்கறது?"

"குதிச்சுப் பாருங்க."

குதித்தார். நிஜமாகவே குதித்தார். டாக்டர் ஜன்னலுக்கு வந்து என் தோளில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

கடைசியில் உள்ளே வந்தார். இரண்டு கையாலும் டப்பாவை நீட்டினார். மூடி திறந்திருந்தது. உள்ளே எச்சில்கூட இல்லை. முகம் வாடியிருந்தது, பரீட்சையில் வெற்றுத்தாள் கொடுக்கிறவர்போல்.

"மன்னிச்சுக்கங்க அம்மணி. எந்திரிச்சதுல இருந்து முயற்சி பண்றேன். வரவே மாட்டேங்குதுங்க. ஏமாத்தறேன்னு நெனச்சுக்காதீங்க."

ஏழெட்டு மாதமாக எச்சிலைத் திருப்பி அனுப்பிய நான் அந்தக் காலி டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். எடை பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று எக்ஸ்ரே எழுதினார். பிறகு என்னிடம், "சளி இல்லைன்னே எழுது" என்றார்.

"அப்ப நாளைக்கு எந்திரிச்சதும் மறுபடி பாக்கட்டுங்களா?" என்றார் சென்னியப்பன். "இன்னிக்கும் நீங்க சொன்னாப்புலயேதான் வந்தனுங்க. பல்லு வெளக்கல. டீத்தண்ணிகூடக் குடிக்கல."

"வேண்டாம்" என்றேன். "போய்ப் பல் விளக்கிட்டு டீ குடிங்க."